நாலாவது மூலை

அன்பு மகனுக்கு,

நீ போன வாரம் டி.வி. பெட்டிக்கு அடியில் செருகி வைத்துவிட்டுப் போன ஒப்பந்தக் காகிதம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் படித்தேன். இரண்டு முறையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். "அம்மா, கையெழுத்தப் போட்டு கூரியர்ல அனுப்பிரு, வேற எதையும் யோசிக்காத" என்று பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னாய். யோசிக்காதே என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு யோசனையே வந்தது. நின்றுபோன நம் கண்மாய்ப் போட்டியை மறுபடி நடத்தச் சொல்கிறது உன் சேனல். மூன்று வருஷம் நேரடியாகக் காட்டும், அதற்கு நம் கால்பந்து கிளப்புக்கு முன்பணமும் தரும். செயலாளர் என்று போட்டிருக்கும் இடத்தில் உன் அப்பாவும், பொருளாளர் என்று போட்டிருக்கும் இடத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். உன் அப்பாவிடம் நீட்டினால், "மொதல்ல நீ போடு, அப்பறம் நான் போடுறேன்" என்கிறார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எதிலும் என்னை முன்னால் போகவிடாத மனுஷன், இதில் மட்டும் என்னைத் தள்ளிவிட்டுப் பேப்பர் படிக்கிறார்.

எல்லாம் சரி, அந்தப் பதினோராவது ஷரத்துதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "போட்டி நடைபெறும் மைதானத்தில் வேறு எந்த வகையிலும் பார்வையாளர்களிடம் பணம் திரட்டக் கூடாது." நீ அதைப் படித்தாயா, இல்லை அச்சடித்தவன் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்தாயா? போனில் கேட்கலாம் என்றால் நீ கமெண்டரி சொல்கிற வேகத்திலேயே பேசுகிறாய். நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் நீ கோல் போட்டுவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு எனக்குப் புத்தி சொல்லாதே. எனக்கே குழப்பமாக இருக்கும் விஷயம் இது. ஞாபகம் வருகிற வரிசையில் எழுதிக்கொண்டு போகிறேன்.

முதலில் நான் இந்த கிளப்புக்குள் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும், நீ சிரித்தாலும் பரவாயில்லை. என் கல்யாணப் பேச்சு நடந்தபோது தரகர் என் அப்பாவிடம், "மாப்பிள்ளைக்கு மில்லுல பிட்டர் வேல. அதுபோக வில்லாபுரத்துல கிளப்பு ஒண்ணும் நடத்துறாரு" என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்போது கிளப் என்றால் காபி கிளப்தான். இட்லி, பணியாரம், வாசலில் கல்லாப்பெட்டி. மில் சம்பளம் ஒரு பக்கம், ஓட்டல் வரும்படி ஒரு பக்கம் என்று என் அப்பா மனதுக்குள் கூட்டிப் பார்த்து, வேறு எதுவும் விசாரிக்காமல் சம்மதம் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்து என்னைப் பார்க்க வந்த என் தம்பி, அதாவது உன் மாமா, "மச்சான், கிளப்பு எங்க இருக்கு? ஒரு காபி சாப்புட்டு வருவோம்" என்று கேட்டான். உன் அப்பா பெருமையாக அவனைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் வற்றிய கண்மாயைக் காட்டினார். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தது. சாப்பாடு போடுகிற கிளப் என்று நம்பி வந்த எனக்கு, சாப்பாடு கேட்கிற கிளப் வாய்த்தது.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகுதான் நம் போட்டி தொடங்கும். அதற்குள் கண்மாய் நன்றாகக் காய்ந்திருக்கும், திருவிழாச் செலவு போக ஊர்க்காரர்கள் கையில் ஏதாவது மிஞ்சியும் இருக்கும் என்பது உன் அப்பாவின் கணக்கு. டிக்கெட் கிடையாது. கண்மாய்க்கு எங்கே கேட் போடுவது? இடைவேளை வந்ததும் ஓர் எட்டு முழ வேட்டியை விரித்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் அதில் காசு போடுவார்கள். "வேட்டி வருது, வேட்டி வருது" என்று நீயும் உன் கூட்டாளிகளும் முன்னால் கத்திக்கொண்டு ஓடுவீர்கள். சில்லறை விழும், கசங்கிய நோட்டு விழும், ஒருமுறை ஒரு முழம் மல்லிகைப்பூ விழுந்தது, ஒருமுறை எவனோ கடித்த வடையைப் போட்டுவிட்டான். அந்தக் காசில்தான் வெளியூர் அணிகளுக்குப் பஸ் செலவும் பரோட்டாவும், ஆடுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழமும், அடுத்த வருஷத்துக்குப் பந்தும். நாலு மூலைக்கும் நிரந்தரமாக ஆள் உண்டு. ஒரு மூலை உன் அப்பாவுடையது, ஒரு மூலை கோரிப்பாளையத்து டெய்லர் பஷீர் அண்ணனுடையது. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். பாரம் தாங்காமல் கிழியக் கூடாது என்று வேட்டியின் நாலு மூலையிலும் கெட்டித் துணி வைத்துக் கைப்பிடி தைத்தது அவர்தான். போட்டி முடிந்ததும் வேட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த வருஷம் கொண்டுவருவதும் அவரேதான். யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது.

வேட்டியில் விழுந்தது போதாத வருஷம் உன் அப்பா வீட்டில் கை வைப்பார். நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் கல்லுத் தோடு அடகுக்குப் போனது. வெளியூர் அணி ஒன்று கூடுதலாக இரண்டு நாள் தங்கிவிட்டதாம், பசித்த பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்றாராம். என் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குக் காதில் வேப்பங்குச்சியோடு போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி என் காதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். எனக்கு அப்படியே எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம், "ஒண்ணு இந்த கிளப்பு தன் சோத்தத் தானே தேடிக்கிறணும், இல்ல நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னேன். அடுத்த கூட்டத்தில், "அம்புட்டு அக்கறை இருந்தா உங்க வீட்டம்மாவையே பொருளாளராப் போடுங்க" என்று யாரோ கேலியாகச் சொல்ல, நான் நிஜமாகவே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மாமா நம் மொட்டை மாடியில் பெரிய குடை ஆன்டெனா வைத்து, தெருத்தெருவாக ஒயர் இழுத்து கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவனே ஒரு உள்ளூர் சேனல் விடுவான், பழைய படமும் ஜவுளிக்கடை விளம்பரமும். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன். "ஏண்டா, போட்ட படத்தையே போடுறியே, நம்ம மேட்ச்சப் போடு. வெளம்பரம் வாங்கு. வர்றதுல பாதிய கிளப்புக்குக் குடு."

"அக்கா, இந்தப் புழுதிக்குள்ள ஓடுறத எவன்க்கா டி.வி.ல பாப்பான்?"

"அவன் மகன் ஓடுனா பாப்பான்ல."

உன் மாமா பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தான். பிறகு, "அக்கா, நீ மில்லுக்காரனுக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றான். எனக்கு அன்றைக்குப் பிடிபடாத சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

முதல் ஒளிபரப்பு உனக்கே ஞாபகம் இருக்கும். லாரி மேல் ஒரே ஒரு கேமரா. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த உன் கையில் மைக்கைக் கொடுத்தான் மாமா. நீ, "பந்து இப்போது... பந்து எங்க இருக்குண்டு தெரியல நேயர்களே, ஒரே தூசியா இருக்கு" என்று சொன்னாய். வில்லாபுரம் முழுக்கச் சிரித்தது. மறுநாள் கடைக்குப் போனால், "பந்து எங்கக்கா?" என்று என்னைக் கேட்டார்கள். அந்த இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் உன் அப்பா மைக்கை வாங்கி, "இனிமே நம்ம கிளப்பு யாருகிட்டயும் வேட்டி ஏந்தாது! எல்லாரும் ஓசியிலயே உக்காந்து பாருங்க!" என்று அறிவித்தார். விசில் பறந்தது. இத்தனை நாள் நீ அதை உன் அப்பாவின் ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அந்த வாக்கியம் என்னுடையது. காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஏந்தாது என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

பஷீர் அண்ணன் அப்போது துவைத்த வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். விசில் அடங்கியதும் என்னிடம் வந்தார். "காசு வேணாம்ண்டா சரி தங்கச்சி. அப்ப நாங்க வரணுமா, வேணாமா? அதச் சொல்லிருங்க" என்றார்.

"என்னண்ணே இப்பிடிக் கேக்குறீங்க? வாங்க, சும்மா உக்காந்து பாருங்க."

"சும்மா பாக்குறதுக்கு வீட்லயே டி.வி. இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு ஜூஸ் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டாம் பாதியில் அவர் இருந்தாரா என்று நான் கவனிக்கவில்லை. காசு கேட்காததற்காக ஒருவர் வருத்தப்பட முடியும் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவே இல்லை. இன்றைக்கு முழுதாகப் புரிந்துவிட்டதா என்றால், அதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருஷங்களைக் கெட்ட காலம் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும். என் தோடு திரும்பி வந்தது. ஆடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பூட்ஸ் வந்தது, கேரளாவிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு வந்தார்கள். அவர்கள் பந்தை உதைத்தால் நம் பிள்ளைகளே ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றாக ஏதோ நகர்ந்துகொண்டும் இருந்தது. வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அப்பளக் கம்பெனிக்காரர் மாமா சேனலின் சாயங்காலப் படத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்ததால் மூன்று மணிக்குப் போனது. சித்திரை முடிந்த வெயில், கண்மாய்க்குள் நிழலுக்கு ஒரு கருவேலம்கூடக் கிடையாது. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு லாரியைப் பார்க்க ஆரம்பித்தார். விளம்பரம் முடிந்து உன் மாமா துண்டை அசைத்தால்தான் அவர் விசில் ஊதுவார். ஒரு வருஷம் மாமா துண்டால் முகத்தைத் துடைக்கப் போக, அவர் ஊதிவிட்டார். நம் கோல்கீப்பர் அப்போதுதான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கோல் விழுந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்க வேண்டிய விஷயம்தானா அது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

கரையில் உட்காரும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு பார்க்கிற ஆட்டத்துக்கு எவன் மூன்று மணி வெயிலில் வருவான்? இதற்கு வழி சொன்னது நீதான், மறந்திருக்க மாட்டாய். "பக்கத்துத் தெருவுக்கெல்லாம் மேட்ச் அன்னைக்கு லைனக் கட் பண்ணிருவோம் மாமா, வேற வழியில்லாம வருவாங்கல்ல" என்றாய். வெளிநாட்டில்கூட அப்படிச் செய்வார்களாம், நீ எங்கோ படித்திருந்தாய். அப்படியே கட் பண்ணினான். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் நம் வாசலில் இருபது பெண்கள் நின்றார்கள். மாவு மில் வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மாசாமாசம் எம்புட்டுக் காசு குடுக்குறோம்? எங்க வீட்டுக்காரரு பந்தாட்டம் பாக்க நாங்க ஞாயித்துக்கெழம படத்த விடணுமா?" என்று கேட்டாள். படம் வேறு சேனலில் ஓடுகிறது, லைன் போனால் எல்லாமே போகும் என்பது நம் மூளைக்கு எட்டவே இல்லை. அரை மணி நேரத்தில் லைன் திரும்பி வந்தது. போன கூட்டம் வரவில்லை. அவர்கள் ஆட்டத்தை வெறுக்கவில்லை, வீட்டில் இருந்தபடியே பார்த்தார்கள். முன்பைவிட அதிகம் பேர் பார்த்தார்கள் என்று மாமா சத்தியம் செய்தான். அதிகம் பேர் பார்க்கிற கிளப் எப்படி ஆளில்லாத கிளப்பாக இருக்கிறது என்று அப்போதே ஒரு குழப்பம் எனக்குள் விழுந்தது. அதை அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

இனி சொல்லப்போவது என் தவறு. உன் அப்பாவுக்கும் இதில் பங்கில்லை. வேட்டியில் எவ்வளவு விழும் என்பது விழுந்த பிறகுதான் தெரியும், அதனால் அந்தக் காலத்தில் கையில் இருப்பதைத்தான் செலவழித்தோம். டி.வி. காசு அப்படி இல்லை. மாமா வருஷத் தொடக்கத்திலேயே இவ்வளவு என்று சொல்லிவிடுவான். சொன்னதை நான் வந்ததாகவே எடுத்துக்கொண்டேன். கேரளத்து ஆட்டக்காரர்களுக்கு அவனியாபுரத்தில் வீடு பிடித்துக் கொடுத்து, வருஷம் முழுக்கச் சம்பளம் என்று பேசிக் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பா, "இம்புட்டு வேணுமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். "வேட்டிப் புத்தி உங்கள விட்டுப் போகுதா பாருங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கிளப் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. இப்போது காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேப்பர் படிக்கிறாரே, அது சோம்பேறித்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ காலேஜ் இரண்டாம் வருஷம் போன சமயம் பெரிய கேபிள் கம்பெனி ஒன்று ஊருக்குள் வந்தது. எல்லா ஏரியா ஒயரும் அவர்கள் கைக்குப் போனது. உன் மாமா மாதவசூல் செய்கிற ஆளாக ஆனான், அவனுடைய சின்ன சேனல் நின்றது. போட்டிக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, அணிகள் வந்து இறங்கிவிட்டன, காசு மட்டும் இல்லை. மாமா சமையல்கட்டு வாசலில் நின்று அழுதான், உனக்கு அது தெரியாது. அவனை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. இறுதி ஆட்டத்தன்று உன் அப்பா பரணிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு மூலை, பழைய ஆட்கள் இரண்டு பேர் இரண்டு மூலை. அந்த அறிவிப்புக்குப் பிறகு பஷீர் அண்ணன் கண்மாய்ப் பக்கமே வராததால் நாலாவது மூலையை நான் பிடித்தேன். கரையில் அங்கே நாலு பேர் இங்கே நாலு பேர். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. "என்னக்கா, டி.வி.க்காரங்க குடுக்கலயா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார்கள். "டி.வி.லயே வர்ற கிளப்புக்கு எங்க காசு எதுக்குக்கா?" என்றான் ஒருவன். சுற்றி முடித்தபோது வேட்டி காற்றில் தூக்கிக்கொண்டு அடித்தது, அதைக் கீழே அழுத்தி வைக்கிற அளவுக்குக்கூட உள்ளே எதுவும் இல்லை. என் தோட்டை இந்த முறை நானே கழற்றி, விற்று, ஆட்டக்காரர்களின் சம்பளத்தைத் தீர்த்தேன். அடுத்த சித்திரையில் அழகர் மலைக்குத் திரும்பினார், கண்மாயும் காய்ந்தது, யாரும் மூங்கில் நடவில்லை.

இதில் எனக்குக் குழப்பம் எங்கே வருகிறது என்றால், உன்னிடம்தான் வருகிறது. அந்த டி.வி. காசு இல்லையென்றால் நீ மைக்கைப் பிடித்திருக்க மாட்டாய். மைக் இல்லையென்றால் சென்னை இல்லை, சேனல் இல்லை, இன்றைக்கு நாடு முழுக்கக் கேட்கிற உன் குரல் இல்லை. எந்தக் கை நம் கிளப்பைச் சாய்த்ததோ அதே கை உன்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அந்தக் கையைத் திட்டுவதா, கும்பிடுவதா? போன தடவை வந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து வெளிநாட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய், அங்கே பெரிய கிளப்புகளுக்கு டிக்கெட் காசைவிட டி.வி. காசுதான் பெரிது, அதை நம்பித்தான் ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று. ஒரு டி.வி. கம்பெனி நொடித்துப்போனதில் சின்னச் சின்ன கிளப்புகள் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்த கதையையும் சொன்னாய். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நாட்டுக்காரர்களும் நம்மைப் போலத்தானா என்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. அவர்களுக்கே தெரியாதது உன் சேனலுக்குத் தெரிந்துவிடுமா என்று இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது.

அதனால் போன சனிக்கிழமை ஆட்டோ பிடித்துக் கோரிப்பாளையம் போனேன். பஷீர் அண்ணன் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, தைப்பது மட்டும் இப்போது மருமகன். என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், சாயா வரவழைத்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு ஏண்ணே கோவிச்சுக்கிட்டீங்க? உங்களுக்குக் காசு மிச்சம்தானே?"

"நான் எங்க கோவிச்சேன்?" என்று சிரித்தார். "வருசத்துக்கு ஒருக்கா ஏதோ போடுவேன், அம்புட்டுத்தான். ஆனா போட்டதுக்குக் கத்துவேன்ல? கோல விட்டான்னா, 'ஏண்டா, என் காசத் தின்னுபுட்டு இப்பிடியா ஆடுவீங்க'ண்டு கத்துவேன். ஆட்டத்தவிட அதுல எனக்கு ஒரு குஷி. நீங்க காசு வேணாம்ண்டதுக்கப்பறம் எதச் சொல்லிக் கத்துறது?"

அவர் எழுந்து போய் மேல் தட்டில் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். நம் பழைய வேட்டி. நாலு மூலையிலும் அவர் தைத்த கைப்பிடிகளோடு, மடிப்புக் கலையாமல் இருந்தது. "கடைசி வருசம் டி.வி. காசு நின்னுபோச்சுண்டு கேள்விப்பட்டதும் எடுத்து இஸ்திரி போட்டேன். கேப்பீங்கண்டு பாத்தேன். யாரும் கேக்கல. புது வேட்டி எடுத்தீங்கண்டு அப்பறம் சொன்னாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டினால் கோரிப்பாளையம், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அவரைப் போய்க் கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "வர்ற காச ஏன் விடணும்? பிள்ளைகளுக்கு பூட்ஸு வேணும்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கென்னமோ சொல்லத் தெரியல தங்கச்சி" என்றும் சொன்னார். இரண்டும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. வேட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, முட்டி வலிக்கிறது, ஆனாலும் ஒரு சுற்றுக்கு வருவேன் என்றார்.

நேற்று மத்தியானம் காகிதத்தை எடுத்தேன். பதினோராவது ஷரத்தை நீல மையால் அடித்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில், "இடைவேளையில் வேட்டி வரும். வேட்டி சுற்றி முடியும் முன்பு விசில் ஊதச் சொல்லி யாரும் துண்டை அசைக்கக் கூடாது" என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். தன் இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். உன் மேலதிகாரிகள் நான் எழுதியதை அடித்தால் எங்கள் கையெழுத்தையும் சேர்த்தே அடித்ததாக எடுத்துக்கொள். அப்படி நடந்தால் உனக்கு அங்கே சங்கடம் வரும் என்று தெரியும், அதற்காக என்னை மன்னித்துக்கொள். நான் செய்தது சரியா என்று கேட்காதே. டி.வி. காசையும் வாங்கிக்கொண்டு வேட்டியையும் நீட்டினால் யார் போடுவார்கள், போடாமல் சிரித்துவிடுவார்களோ, மறுபடி வேட்டி காற்றில் அடிக்குமோ என்றெல்லாம் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. மூலைகளை எண்ணிப் பார்த்தேன். உன் அப்பா ஒன்று, பஷீர் அண்ணன் ஒன்று, நான் ஒன்று. மற்ற இரண்டு பழைய ஆட்களில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னொருவர் திருப்பூரில் மகனோடு இருக்கிறார். ஆட்டம் நடக்கும்போது நீ மேலே மைக்கோடு உட்கார்ந்திருப்பாய், அது உன் வேலை, அதைக் கெடுக்க மாட்டேன். இடைவேளையில் மட்டும் அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வர முடியுமா? அம்மா என்ற உரிமையில் சொல்லவில்லை. கிளப்பின் பொருளாளராக, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவளாக, உன்னிடம் கேட்கிறேன். நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. வந்து பிடிப்பாயா?

அம்மா